வடித்த நீர்க் கணக்கும் வாவி நீரும்

ருத்தேனியம் அயனோடு மூன்று பைபிரிடீன் மூலக்கூறுகள் பிணைந்த சிக்கல் சேர்வை, 450 நனோமீற்றர் அளவிலான நீல ஒளியை விழுங்கிச் செம்மஞ்சளாக ஒளிரும். சவர்க்காரக் கரைசலில் அதன் நடத்தை மாறுகிறது. சோடியம் டோடெசைல் சல்பேற்றின் செறிவு லீற்றருக்கு ஏறத்தாழ 8 மில்லிமோலைத் தாண்டும்போது அதன் மூலக்கூறுகள் எண்ணெய் விரும்பும் வாலை உள்ளேயும் எதிரேற்றத் தலையை வெளியேயும் வைத்து மைசெல்களாகத் திரள்கின்றன. நேரேற்றம் கொண்ட ருத்தேனியச் சேர்வை அந்தத் தலைகளில் போய் ஒட்டிக்கொள்கிறது.

இதை வைத்து 1978இல் நிக்கலஸ் டூரோவும் அகமத் யெக்தாவும் ஒரு மைசெலில் எத்தனை மூலக்கூறுகள் என்று எண்ணிக் காட்டினார்கள். ஒளிர்வை அணைக்கும் மெதில் அந்திரசீனைச் சிறிது சேர்த்தால் அது மைசெல்களுக்குள் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் புகும். இரவில் வாவியில் நிற்கும் தோணிகளுக்குள் விளக்கணைப்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதுபோல. இறங்கியவர் எத்தனை பேர் என்பது தெரிந்தால், அணையாமல் எஞ்சிய வெளிச்சத்திலிருந்து தோணிகளின் தொகையைக் கணிக்கலாம். மைசெல்களாகத் திரண்ட சவர்க்கார மூலக்கூறுகளின் தொகையை அதனால் வகுத்தால் விடை, மைசெலுக்குச் சுமார் 60 மூலக்கூறு. ஒரு ஒளிர்வுமானியும் கொஞ்சம் பொறுமையும் போதும் என்பதே இம்முறையின் பெரிய வலிமை. அணைத்ததையும் அணைக்காததையும் ஒரே காற்றில் அளந்து விகிதம் எடுப்பதால் ஒட்சிசனின் தொல்லைகூடப் பெரும்பாலும் கழிந்துவிடுகிறது.

அணைப்பான் அகப்பட்ட மைசெலில் ஒளி முழுதாக அணையும் என்ற எடுகோளில்தான் சிக்கல். மைசெல் பெரிதானால் ருத்தேனியச் சேர்வையும் அணைப்பானும் சந்திக்குமுன்பே ஒளிர்வு நடந்து முடிந்துவிடும். எண்ணிக்கை குறைவாக வரும். இன்னொரு குறை அளவுகோலிலேயே இருக்கிறது. மைசெல் உருவாகும் செறிவுக்குக் கீழேயே ருத்தேனியச் சேர்வை சவர்க்கார அயன்களைத் தன்னைச் சுற்றித் திரட்டிக்கொள்கிறது. பார்க்கப் போனவரே கூட்டம் கூட்டுகிறார்.

தமிழகத்தில் இந்தத் துறைக்கு நல்ல மரபு உண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் எஸ். ராஜகோபால் குழுவினர் மைசெல்களில் ருத்தேனியச் சேர்வைகளின் ஒளித்தூண்டல் இலத்திரன் மாற்றத்தை ஆராய்ந்தார்கள். நேரேற்ற மைசெலையும் எதிரேற்ற மைசெலையும் மாற்றிப் பார்க்கும்போது மின்னேற்றமும் எண்ணெய் நாட்டமும் எதிரெதிராக இழுப்பது புலப்படும். அத்தகைய ஒப்பீடு, தனியொரு எண்ணைவிட மதிப்புள்ளது என்பேன்.

ஆனால் இத்துறையின் பெரும்பகுதி வடித்த நீரிலேயே நிற்கிறது. வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் மட்டக்களப்பு வாவியில், கல்லடிப் பாலத்தடியில் ஒரு போத்தல் நீர் அள்ளி இதே பரிசோதனையைச் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மாரியில் முகத்துவாரம் திறக்கிறது, பிறகு மணல் அடைக்கிறது. ஆற்று வெள்ளமும் கடலும் மாறி மாறி வாவியின் உப்பைத் தீர்மானிக்கின்றன. கடலின் உப்பில் ஆறிலொரு பங்கு இருந்தாலே அந்த 8 மில்லிமோல் 2க்கும் கீழே இறங்கும், மைசெலும் பருக்கும். இது கறியுப்பால் மட்டும் வருவது. கடல்நீரின் கல்சியம் சேர்ந்தால் சவர்க்காரம் வெண்மையாகப் படியத் தொடங்கும். கண்டல் இலைகளின் கறை நீல ஒளியை இடையில் விழுங்கும். எந்த உப்பில், எந்த வெப்பநிலையில் அளந்தது என்று சொல்லாத 60க்கு வாவிக்கரையில் பொருளில்லை.

வாவிக்குப் பயன்பட்டது, இச்சேர்வைகளை நீரில் கரைக்காத வழிதான். ஒட்சிசன் அளக்கும் ஒளியியல் கருவிகளில் ருத்தேனியமோ பிளாற்றினமோ கொண்ட சேர்வையைப் பொலிமர்ப் படலத்துக்குள் அடைத்து வைக்கிறார்கள். ஒட்சிசன் உள்ளே ஊடுருவி ஒளிர்வை அணைக்கிறது; உப்பும் சவர்க்காரமும் வெளியே நின்றுவிடுகின்றன. அங்கும் உப்பு முழுதாக விடுவதில்லை. படலம் உணர்வது ஒட்சிசனின் அழுத்தத்தை. அதை லீற்றருக்கு இத்தனை மில்லிகிராம் என்று மாற்ற உப்பின் அளவையும் கருவிக்குக் கொடுக்க வேண்டும். 30 பாகை செல்சியசில், காற்றோடு சமநிலையிலுள்ள நன்னீரில் ஏறத்தாழ 7.6 மில்லிகிராம், கடல்நீரில் 6.2. மாரியில் பதிந்த உப்பளவை மாற்றாமல் முகத்துவாரத்தருகே கோடையில் அளப்பவர், மீனுக்கு இல்லாத ஒட்சிசனை இருப்பதாக எழுதிவிடுவார்.