வண்ணம் பேசும் வரைபடம்

கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளை கேரி ஷெர்மன் 2002-இல் தொடங்கினார். இன்றும் அது இலவசம். அதில் 2011 மக்கள்தொகைக் கணக்கை ஏற்றி, தமிழ்நாட்டின் அன்றைய 32 மாவட்டங்களுக்கும் மக்கள் நெருக்கத்துக்கேற்ப வண்ணமிட்டுப் பாருங்கள்.

சம இடைவெளியில் ஐந்து வகுப்புகளாகப் பிரித்தால் சென்னை மட்டும் அடர்சிவப்பு. சதுர கிலோமீட்டருக்கு 26,553 பேர். மற்ற 31 மாவட்டங்களுக்கும் ஒரே வெளிர்நிறம். வகுப்புக்கு ஏறத்தாழ சம எண்ணிக்கையில் மாவட்டங்கள் என்று மாற்றுங்கள்: ஆயிரத்தைத் தாண்டும் கன்னியாகுமரி அடர்ந்து எழும், நீலகிரி வெளிறி நிற்கும். அட்டவணையில் வரிவரியாகக் கிடந்த எண்கள் மலையாகவும் கடற்கரையாகவும் விரியும் அந்த நொடி அற்புதமானது!

எண்கள் மாறவில்லை, வகுத்த விதம்தான் மாறியது. ஆகவே எந்த வரைபடமானாலும், வண்ணத்தை நம்பும் முன் ஓரத்திலுள்ள குறிவிளக்கத்தைப் படியுங்கள்.