சிறுத்தை மனிதனும் சாஷாவும்

அமானுஷ்யக் காதல் நாவல் என்றாலே ரத்தக்காட்டேரியும் ஓநாய் மனிதனும்தான் என்று பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நளினி சிங் எழுதிய 'ஸ்லேவ் டு சென்சேஷன்' (2006) படித்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ஃபிஜியில் பிறந்து நியூசிலாந்தில் வளர்ந்தவர் அவர். அவர் படைத்த உலகில் மனோசக்தி கொண்ட ஓர் இனம், வன்முறைக்கும் பித்துக்கும் அஞ்சி, தன் பிள்ளைகளைச் சிறு வயதிலேயே உணர்ச்சி அற்றவர்களாகப் பழக்குகிறது. அதில் பிறந்த சாஷாவுக்கு உணர்ச்சி சாகவில்லை. தனக்குப் புத்தி பேதலிக்கிறது என்றே நடுங்குகிறாள். சிறுத்தையாக உருமாறும் லூகாஸின் கூட்டத்திலோ தொடுவதும் அணைப்பதும் அன்றாட வழக்கம். இப்படிப்பட்ட இருவர் நடுவே முதல் தொடுகைக்கு எத்தனை கனம்! மாயம் இங்கே அலங்காரம் அல்ல, காதலுக்குத் தடையே அதுதான்.

சமகாலக் கதைக்கு அந்த வசதி கிடையாது. ஜெனிஃபர் க்ரூசியின் 'பெட் மீ' (2004) நாவலில் தடை நாயகியின் மனசுக்குள் இருக்கிறது: உடல் பருமனைப் பற்றி அம்மா ஓயாமல் சொன்ன சொற்கள். நாயகன் அவளை ரசித்துச் சாப்பிட வைக்கும் இடங்கள் அபாரம்.

இரண்டும் நல்ல நாவல்கள். முதலில் ஒன்றைத்தான் எடுப்பீர்கள் என்றால், சாஷாவின் கதையை எடுங்கள்.