கல்லறையில் இல்லாத வாசகம்

ஜி.யு. போப்பின் கல்லறை ஆக்ஸ்ஃபோர்டில் செயின்ட் செபல்கர்ஸ் இடுகாட்டில் இருக்கிறது. ‘இங்கே ஒரு தமிழ் மாணவன் உறங்குகிறான்’ என்று அதில் பொறித்திருப்பதாக நம் மேடைகளில் யாராவது சொல்லாத வருஷம் கிடையாது. அந்தக் கல்லில் அப்படி ஒரு வரி இல்லை. பெயர், ஆக்ஸ்ஃபோர்டில் அவர் வகித்த பதவிகள், 1820 ஏப்ரல் 24, 1908 பிப்ரவரி 11 என்று இரண்டு தேதிகள். பிறகு, கீழைத்தேய இலக்கியத்துக்கும் தத்துவத்துக்கும் அவர் வாழ்நாளெல்லாம் உழைத்ததை மதித்துக் குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் வைத்த கல் இது என்று ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. அவ்வளவுதான். தமிழ் நண்பர்கள் வைத்தது என்கிற செய்தி எனக்குப் போதும். நம் ஆட்களுக்குப் போதவில்லை. ஒரு மனிதன் அறுபது வருஷத்துக்கு மேல் ஒரு மொழியோடு மல்லுக்கட்டியதை விட, அவன் சொல்லாத ஒரு வாக்கியம்தான் கைதட்டல் வாங்கித் தருகிறது.

இது சின்ன விஷயம், விட்டுவிடலாமே என்று நண்பர் ஒருவர் கேட்டார். விட முடியாததற்குக் காரணம் உண்டு. பொய்யான புகழ், வசைக்கு வழி திறந்துவிடுகிறது. போப்பை ஞானியாக்கி வைத்திருப்பவர்களுக்கு அவருடைய முன்னுரையைப் படிக்கும் அவசியம் நேர்வதில்லை. அவரைச் சதிகாரராக்குகிறவர்களுக்கு அவருடைய மொழிபெயர்ப்பைப் படிக்கும் அவசியம் நேர்வதில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் புத்தகம் அநாதையாகக் கிடக்கிறது.

2022 ஆகஸ்டில் தில்லியில் ஒரு விழாவில் பேசிய தமிழக ஆளுநர் ஆர்.என். ரவி, போப் குறளின் ஆன்மிகத்தை உருவி எடுத்துவிட்டார், அது காலனிய நோக்கம் கொண்ட காரியம் என்றார். ‘ஆதி பகவன்’ என்பதை ‘பிரைமல் டெயிட்டி’ என்று பெயர்த்தது அதற்கு உதாரணம். பி.ஏ. வகுப்பில் ஆங்கிலம் படித்த எவனுக்கும் இது விளங்காது. டெயிட்டி என்றால் தெய்வம். பிரைமல் என்றால் ஆதி. சொல்லுக்குச் சொல் இதைவிட நெருங்கி வர இங்கிலீஷில் வழியில்லை. முதல் அதிகாரத்துக்கு ‘கடவுளின் புகழ்’ என்று தலைப்பு வைத்த மனிதர் கடவுளை எங்கே உருவினார்? போப்பிடம் குறை காண வேண்டுமானால் இதற்கு நேர் எதிர்த் திசையில் போக வேண்டும். அவரிடம் பக்தி குறைவு இல்லை, கூடுதல். வள்ளுவர் மௌனமாக இருக்கும் இடத்திலும் போப்பின் ஆங்கிலத்தில் ஞாயிற்றுக்கிழமை கீர்த்தனையின் ஓசை கேட்கிறது.

அந்த ஓசைதான் 1886-இல் வந்த அவருடைய ‘புனிதக் குறள்’ மொழிபெயர்ப்பின் உண்மையான பலவீனம். ஏழு சீரில் மூச்சை இழுத்துப் பிடித்து நிறுத்திவிடும் ஒரு வடிவத்தை, எதுகை வைத்த நீண்ட ஆங்கில ஈரடிகளில் ஊற்றினார். 1330 தடவை. எதுகைக்காக வந்த சொற்கள் அர்த்தத்துக்குப் பக்கத்தில் சும்மா நின்றுகொண்டிருக்கின்றன. வினை கடைசிக்கும் பெயர் முதலுக்குமாக வாக்கியம் புரட்டப்படுகிறது. விக்டோரியா காலத்து செய்யுள் பழக்கம் இது. டென்னிசனுக்குக் கூட்டிவந்த அதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்க்காது. 1916-இல் வ.வே.சு. அய்யர் உரைநடையில் செய்தது பல இடங்களில் இதைவிட நன்றாக நிற்கிறது. வேடிக்கை என்னவென்றால், பைபிள் ஆங்கிலத்தின் வாடை பாதிரியாரைவிட அய்யரிடம்தான் எனக்கு அதிகம் அடிக்கிறது. மதமாற்றச் சதியை மொழிநடையில் தேடுகிறவர்கள் இந்த இரண்டு புத்தகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

முன்னுரை வேறு சங்கதி. அங்கே போப்பைக் காப்பாற்ற நான் வரமாட்டேன். வள்ளுவர் மயிலாப்பூர்க் கடற்கரையில் கிறிஸ்தவ போதகர்களோடு உலாவியிருக்கலாம் என்று கற்பனை செய்ய நமக்கு இடமுண்டு, கிறிஸ்தவ வேதமும் அவருக்கு ஊற்றாக இருந்திருக்க வேண்டும் என்ற கருத்தில் எழுதியிருக்கிறார். ஆதாரம் எதுவும் இல்லை. மலைப்பிரசங்கத்தை ஒத்த கருத்துகள் இருப்பது ஆதாரமாகாது. பொறுமையையும் இன்னா செய்யாமையையும் சொல்ல ஜைனம் பக்கத்திலேயே இருந்தது. குறளின் காலத்தையும் கி.பி. 800-க்கும் 1200-க்கும் நடுவே வைத்தார். குறள் ஒன்றை அப்படியே எடுத்தாண்டு, அதைச் சொன்னவனைப் ‘பொய்யில் புலவன்’ என்று குறிப்பிடும் மணிமேகலையை வைத்துப் பார்த்தால் இந்தக் கணக்கு நிற்காது. பிற்பாடு வையாபுரிப் பிள்ளை போன்ற தாராளம் காட்டாத ஆசாமிகூட அவ்வளவு கீழே இறக்கவில்லை.

ஆனால் போப் என்ன சொன்னார் என்பதிலும் எப்படிச் சொன்னார் என்பதிலும் ஒரு நாணயம் இருக்கிறது. ஊகத்தை ஊகம் என்று தெரியும்படி எழுதினார். வள்ளுவர் எந்த ஒரு மதத்துக்கும் அடைபடாமல் பல பக்கமிருந்தும் கொண்டவர் என்கிற பார்வையும் அதே முன்னுரையில் இருக்கிறது. வள்ளுவர் கிறிஸ்தவர் என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்ல 1969 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. மு. தெய்வநாயகம் ‘திருவள்ளுவர் கிறித்தவரா?’ என்று கேட்டு, ஆம் என்று பதிலும் சொல்லி, தோமாவோடு முடிச்சுப் போட்ட பிறகு, அந்த வழியில் போனவர்கள் போப்பைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். சாட்சி இவர்களுக்கு எதிராகத்தான் பேசும் என்பதை யாரும் கவனிக்கவில்லை. முதல் நூற்றாண்டின் தோமாவிடம், போப்பின் கணக்குப்படி 800-க்குப் பின் வாழ்ந்த வள்ளுவர் பாடம் கேட்பது எப்படி? போப் சரியென்றால் இவர்கள் வாதம் விழுகிறது. போப் தவறென்றால் சாட்சி விழுகிறது. இரண்டையும் சேர்த்துக் கட்டி ஐம்பது வருஷமாக ஓட்டுகிறார்கள். இந்த பக்தர்கள் விதைத்ததற்குத்தான் இப்போது மறுதரப்பு போப் தலையில் அரிவாள் வைக்கிறது.

சைவ பக்தர்கள் செய்தது இதைவிட நாசூக்கான காரியம். திருவாசகத்தை மொழிபெயர்க்கும்போது அவர் கண்ணீர் கடிதத்தில் சொட்டியது, உள்ளூர சைவராகிவிட்டார் என்றெல்லாம். 1900-இல் ஆக்ஸ்ஃபோர்டு கிளாரண்டன் அச்சகம் வெளியிட்ட அந்தப் புத்தகத்தைப் புரட்டினால் உமாபதி சிவத்தின் திருவருட்பயனைக்கூட மொழிபெயர்த்துச் சேர்த்திருப்பது தெரியும். சித்தாந்தத்தைச் சிரத்தையோடு விளக்குவது தெரியும். தான் ஒரு ஆங்கிலிக்கன் குருவானவர் என்பதை எந்த இடத்திலும் மறைக்காததும் தெரியும். மாணிக்கவாசகரின் தவிப்பைத் தன் மதத்தின் துறவிகளோடு ஒப்பிட்டுத்தான் புரிந்துகொள்கிறார். தன் நம்பிக்கையை விடாமல் இன்னொருவன் நம்பிக்கைக்குள் இவ்வளவு தூரம் நடந்து போவது மதம் மாறுவதைவிடக் கஷ்டமான வேலை. அதை ஒரு சொட்டுக் கண்ணீராகச் சுருக்குவதில் நமக்கு என்ன லாபம்?

முன்னுரையில் அவரே சொல்லும் ஒரு சம்பவம் உண்டு. இந்த வயதில் இவ்வளவு பெரிய வேலையை முடிப்பேனா என்று பேலியல் கல்லூரித் தலைவர் ஜோவெட்டிடம் சந்தேகப்படுகிறார். பெரிய வேலை கையில் இருப்பதுதான் நீண்ட நாள் வாழ வழி என்று ஜோவெட் சொல்கிறார். ஜோவெட் 1893-இல் இறந்துபோனார். போப் தன் எண்பதாவது பிறந்த நாளன்று முன்னுரைக்குத் தேதியிட்டார். தமிழில் முதல் பாடம் 1837-இல் கேட்டதாக அதிலேயே நினைவுகூர்கிறார். காமத்துப்பால் பற்றிய அவருடைய வாக்குமூலமும் எனக்கு முக்கியம். அது படிக்கத் தகாதது என்று சொல்லக் கேட்டுப் பல வருஷம் தொடாமல் இருந்தார்; பிறகு படித்தார்; படித்ததும் அபிப்பிராயத்தை மாற்றிக்கொண்டு முழுவதையும் மொழிபெயர்த்தார். பெஸ்கி முதல் இரண்டு பாலோடு நிறுத்திக்கொண்டார் என்பதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு இதைப் பார்க்க வேண்டும்.

வாத்தியார் போப் மிருதுவானவர் அல்ல. சாயர்புரம் மாணவர்களிடம் காட்டிய கண்டிப்பின் கொடுமையை அவருடைய சபைக்காரர்களே குறித்து வைத்திருக்கிறார்கள். தஞ்சாவூரில் லூத்தரன் மிஷனரிகளோடு சண்டை போட்டார், பிரசுரம் எழுதினார். சிலை வைப்பவர்கள் இதைச் சொல்வதில்லை. 1968-இல் மெரினாவில் நிறுத்திய சிலையிடம் பிரம்பு இல்லை. ஆனால் அந்த வாத்தியாரை எடுத்துவிட்டால் குறள் புத்தகமும் இல்லை. மூலம், மொழிபெயர்ப்பு, இலக்கணக் குறிப்பு, சொல்லகராதி, சொல்லடைவு என்று அது ஒரு பாடப்புத்தகம். இராமாநுச கவிராயரிடம் பாடம் கேட்டவர், தான் கேட்டதை அடுத்தவனுக்குக் கற்றுக்கொடுக்கச் செய்தது. கவிதையாக அது தோற்கிற இடங்களிலும் பாடமாகத் தோற்கவில்லை.

1859-இல் இந்த மலைக்கு வந்து ஊட்டியில் பள்ளிக்கூடம் நடத்தினார். 1870 வாக்கில் பெங்களூருக்குப் போகும்வரை இங்கேதான். அரவேணுவிலிருந்து கோத்தகிரி வழியாக ஊட்டிக்குப் போகிற பஸ்ஸில் அவர் பெயரைச் சொன்னால் திருக்குறள் என்பார்கள், கல்லறை என்பார்கள். தோடர் மொழிக்கு அவர் எழுதிய இலக்கணச் சுருக்கத்தை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. 1873-இல் மார்ஷல் தோடர்களைப் பற்றி எழுதிய புத்தகத்தின் பின்னால் அது இருக்கிறது. சிறியது, குறையுள்ளது, 1930-களில் எமனோ இங்கே வந்து தங்கிச் செய்த வேலைக்குப் பிறகு அதற்குச் சரித்திர மதிப்புதான். இருந்தாலும் வங்கிக் கவுண்டரில் தினமும் படுகு கேட்கிறவன் என்பதால், எழுத்தில் இல்லாத ஒரு சிறிய மொழியின் வினைமுற்றுகளை வரிசைப்படுத்த உட்காருவது என்ன பாடு என்பதை ஓரளவு ஊகிக்க முடிகிறது. அந்த மொழியில் மொழிபெயர்த்துப் பெயர் வாங்கக் குறள் எதுவும் கிடையாது.

நம் மலிவுப் பதிப்புகள் பலவற்றில் குறளுக்குக் கீழே போப்பின் இரண்டு ஆங்கில வரி மட்டும் அச்சாகிறது. முன்னுரை கிடையாது, குறிப்புகள் கிடையாது. யாராவது ஒரு பதிப்பாளர் 1886-ஆம் வருஷப் புத்தகத்தை முழுசாக, தவறான தேதியோடும் மயிலாப்பூர்க் கடற்கரையோடும், எது ஏன் நிற்காது என்கிற அடிக்குறிப்புகளோடு போடலாம். ஆளுநர் மாளிகைக்கு ஒன்று, தோமா கட்சிக்கு ஒன்று, கல்லறை வாசகம் சொல்கிற பேச்சாளர்களுக்கு மொத்தமாக ஒரு கட்டு அனுப்பி வைக்கலாம்.