மூர்க்க நாயனார் புராணமும் பொருளீட்டு நெறியும்

பூவிருந்தவல்லியை அடுத்துக் கூவமாற்றின் கரையிலுள்ள திருவேற்காடு, அறுபத்துமூவருள் ஒருவராகிய மூர்க்க நாயனார் அவதரித்த தலம். அதற்கு அணித்தாகிய குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் அவர் வரலாற்றைச் சிறியதொரு புராணமாகப் பாடினார். அடியார்க்கு அமுதளிக்கும் பொருட்டுச் சூதாடிப் பொருள் கொண்டவர் நாயனார். இதனைக் காட்டி, எவ்வழியில் வந்த பொருளாயினும் அறத்திற் செலவாயின் அமையும் என்று வணிகஞ் செய்வார் சிலர் கூறுவர். அது புராணத்தைப் பாதி படித்தார் கூற்று.

என்னை? சூதுப்பலகையின் முன் அமர்ந்தவன் இழப்பு வருதலையும் அறிந்தே அமர்ந்தவன். முதலாட்டத்தில் தோற்றுப் பின்னர்ப் பலகால் வெல்லுதல் நாயனார் வழக்கம். அஃது எதிரியை ஈர்க்கும் சூழ்ச்சியோ எனின், அது பற்றிச் சேக்கிழார் வாய் திறந்திலர். தோற்றபின் பொருள் கொடாது மறுத்தாரை அவர் சுரிகையாற் குத்தியதை மட்டும் மறையாது கூறி, மூர்க்கர் என்னும் பெயர்க்குக் காரணமுங் காட்டினார். குறைந்த நிறையிற் பண்டம் பெறுவானும், கூலி குறைக்கப்பட்ட தொழிலாளியும் சூதாட அமர்ந்தாரல்லர். முன்னவன் வஞ்சனையை அறியான், பின்னவன் அறிந்தும் மறுக்க வலியிலன். மேலும், வென்ற பொருளை நாயனார் தாம் தீண்டாது, அமுது சமைப்பாரே கொள்ளச் செய்து, தாம் கடைப்பந்தியில் உண்டார். ஆதாயத்தைப் பெட்டியிற் பூட்டி, அதில் ஒரு சிறு பங்கை உண்டியலில் இடுவார்க்கு இவர் எங்ஙனம் மேற்கோளாவர்? தராசு பிடிப்பார்க்கு உரியது அமர்நீதி நாயனார் புராணம். அதனை அவர்கள் எடுத்துக்காட்டக் காணோம்.

இனி, படிப்போர் பலரும் விரைந்து கடக்கும் இடம் ஒன்றுளது. சூதில் இறங்குமுன் நாயனார் தம் நிலத்தோடு அடிமைகளையும் விற்றார். நிலம் எவர் கைப்பட்டாலும் நிலமே. விற்கப்பட்ட ஏனையோர் மக்கள். புதிய உடையவன் அவரை எவ்வாறு நடத்தினான் என்பது பாட்டில் இல்லை. அது சோழர் கால வழக்கு. மக்களை விற்றமைக்குக் கல்வெட்டுச் சான்றும் உண்டு. ஆயினும் வழக்கு என்பது காரணமாமேயன்றி நியாயமாகாது. அடியார் உண்ட சோற்றின் விலையில் ஒரு கூறு அவ்வடிமைகள் கொடுத்தது. நாயனாரின் ஈகையைப் போற்றுவார் இக்கூற்றையும் கணக்கில் எழுதுதல் வேண்டும். அதனால் நாயனார் பெருமை குன்றுமென அஞ்சுதல் வீண்.

1843-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அடிமைமுறைக்கு நீதிமன்றத் துணை நீங்கிற்று. 1976-இற் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் எழுந்தது. அதன் பின்னரும், திருவேற்காடு அடங்கிய திருவள்ளூர் மாவட்டத்திலேயே, செங்கற்சூளைகளிலிருந்து கொத்தடிமைகள் மீட்கப்பட்டனர். 1960-களில் தொழிற்பேட்டை எழுந்த அம்பத்தூரில் ஒப்பந்தக் கூலிகளாய் உழைப்பாரும் பலர். திருவிழாவுக்கு உபயஞ் செய்யும் முதலாளி ஒருவர், தம்மிடம் உழைப்பார்க்குரிய கூலியைத் தீர்த்தாரா என்று அவர்க்குப் பரிவட்டங் கட்டுவார் எவரும் வினவுவதில்லை.