எஞ்சியவர் ஒருவர்தாமா?

போர் ஓவியங்களிற் பெரும்பாலானவை வென்றவரின் வாளைக் காட்டுவன. தோற்றவரின் களைப்பைக் காட்டும் ஓவியங்கள் அரியவை. எலிசபெத் பட்லர் என்னும் ஆங்கில ஓவியர் 1879ஆம் ஆண்டில் தீட்டிய 'ஒரு படையின் எச்சம்' அவ்வரியவற்றுள் ஒன்று. பிரிட்டனின் டேட் ஓவியத் தொகுப்பைச் சேர்ந்த இதன் அச்சுப் படியை வரலாற்று நூல்களில் நம் வாசகர்கள் கண்டிருக்கக்கூடும்.

மலைகள் சூழ்ந்த வெறுஞ்சமவெளி. நடை தளர்ந்து தலை தொங்கிய ஒரு குதிரை. அதன்மேல், எக்கணமும் சரிந்துவிடுவார் போல ஒரு வெள்ளையர். தொலைவிலுள்ள கோட்டையிலிருந்து சிலர் அவரை நோக்கி விரைகின்றனர். அவர் கும்பினிப் படையின் உதவி மருத்துவர் வில்லியம் பிரைடன், இடம் ஜலாலாபாத், நாள் 1842 ஜனவரி 13.

அவர் அந்நிலைக்கு வந்த கதை சுருக்கமானது. ரஷ்யா இந்தியாவை நெருங்கிவிடும் என்னும் அச்சத்தால், கவர்னர் ஜெனரல் ஆக்லந்து பிரபு 1838 அக்டோபரில் ஆப்கானியப் படையெடுப்பை அறிவித்தார். அமீர் தோஸ்த் முகம்மதை அகற்றிவிட்டு, லூதியானாவில் கும்பினியின் உதவிப் பணத்தில் வாழ்ந்துவந்த ஷா ஷுஜாவை அரியணையேற்றுவதே திட்டம். 1839 ஆகஸ்டில் படை காபூலுக்குள் புகுந்தது. புகுவதில் பெருந்தடை நேரவில்லை. தங்குவதில்தான் துன்பம் தொடங்கிற்று.

ஷா ஷுஜா அரியணையில் நிலைக்க அந்நியத் துப்பாக்கிகள் தேவைப்பட்டன. அத்துப்பாக்கிகள் உடனிருந்தமையாலேயே மக்கள் அவரைத் தம் மன்னராக ஏற்க மறுத்தனர். ஆக்கிரமிப்பு எங்கும் சிக்கிக்கொள்ளும் முடிச்சு இதுவே. படைச் செலவோ இந்திய வருவாயின் தலையில் விழுந்தது. சிக்கனம் கருதி 1841இல், மலைக் கணவாய்களைத் திறந்து வைப்பதற்காகக் கில்ஜாய் தலைவர்களுக்கு அளித்துவந்த தொகையை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்தனர். கணவாய்கள் மூடிக்கொண்டன. நவம்பர் 2ஆம் நாள் அலெக்சாண்டர் பர்ன்ஸும், டிசம்பர் 23ஆம் நாள் அரசியற் பிரதிநிதி மக்நாட்டனும் காபூலில் கொல்லப்பட்டனர். 1842 ஜனவரி 6 அன்று சுமார் 4,500 வீரர்களும், அவர்களைச் சார்ந்த 12,000 பேரும் பனியில் நடந்து புறப்பட்டனர். ஒரு வாரத்திற்குள் அப்படை இல்லாதொழிந்தது.

பேரரசு தன் உச்சத்தில் இருந்த காலத்தில் அதன் மாபெரும் தோல்வியைச் சமாதானம் கூறாமல் வரைந்த பட்லரின் துணிவு பாராட்டத்தக்கது. கொடியும் முழக்கமும் அங்கில்லை. வெறுமையான நிலமே பேசுகிறது. எனினும் அந்த வெறுமையில் நமக்கொரு பெருங்குறை தென்படுகிறது.

படையின் எச்சம் அந்த ஒருவர்தாமா? அந்த 4,500 வீரர்களில் வெள்ளையர் ஏறக்குறைய 700 பேரே. ஏனையோர் இந்துஸ்தானத்துச் சிப்பாய்கள். பன்னீராயிரவரோ சமையற்காரர், ஒட்டகம் ஓட்டுவோர், தண்ணீர் சுமப்போர், பணியாளர், அவர்தம் மனைவி மக்கள். அவர்களில் இந்துக்களும் இருந்தனர், முஸ்லிம்களும் இருந்தனர். அன்னார் அனைவரும் மடிந்துவிடவில்லை. சிலர் அடிமைகளாக விற்கப்பட்டனர். பனியில் கைகால் இழந்த சிலர் காபூல் தெருக்களில் இரந்து உண்டனர். சிப்பாய்கள் சிலர் தப்பி வந்தும் சேர்ந்தனர். வழியில் குதிரையை இழந்த தமக்கு, குற்றுயிராய்க் கிடந்த இந்தியச் சுபேதார் ஒருவர் தம் மட்டக் குதிரையைக் கொடுத்துவிட்டு இறந்தார் எனப் பிரைடனே எழுதிச் சென்றுள்ளார். பிரைடனின் பெயர் பள்ளிப் பாடத்தில் நின்றது. அச்சுபேதாரின் பெயரை எவரும் குறித்து வைக்கவில்லை.

இக்குறை ஆங்கிலேயருக்கு மட்டும் உரியதென்று நாம் இறுமாந்துவிடலாகாது. இவ்வரலாற்றைப் படிக்கையில் நம் உள்ளம் இயல்பாகவே ஆப்கானியர் பக்கம் சாய்கிறது. தம் நாட்டைக் காத்தவர் அவர்கள். ஆயினும் பின்வாங்கிச் செல்வோருக்கு வாக்களிக்கப்பட்ட பாதுகாப்பு காக்கப்படவில்லை. ஆயுதமற்ற பெண்களும் பிள்ளைகளும் கணவாய்களில் மாண்டனர். உடன்படிக்கையைப் பேணுவதை ஈமானின் அடையாளமாகக் கற்ற நாம் அதனை வீரக் கதையின் அடிக்குறிப்பாக ஒதுக்கிவிட முடியாது. அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் பழிவாங்க வந்த ஆங்கிலப் படை காபூலின் பெருங்கடைவீதியைத் தகர்த்துவிட்டுத் திரும்பியது. 1843இல் தோஸ்த் முகம்மது மீண்டும் அரியணை ஏறினார். அத்தனை உயிர்களைக் கொடுத்தும், ஆட்சி தொடங்கிய இடத்திலேயே வந்து நின்றது.

ஓவியம் வெளிவந்த 1879இல் இங்கிலாந்து இரண்டாம் ஆப்கானியப் போரில் ஈடுபட்டிருந்தது. அவ்வாண்டு மே மாதம், 1842இல் வெள்ளைப் படையின் கடைசி அணி மாண்ட அதே கண்டமக்கில் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. காபூலில் பிரிட்டிஷ் பிரதிநிதியாக அமர்ந்த கவாக்னாரி செப்டம்பர் 3 அன்று கொல்லப்பட்டார். சுவரில் தொங்கிய எச்சரிக்கையைக் கண்டவர்கள் அதனை ஒரு மனிதரின் சோகமாகவே கண்டனர் போலும். ஒரு கொள்கையின் தோல்வியாகக் காணவில்லை.

அந்தப் பார்வை பிறகும் மாறவில்லை. 1979 டிசம்பரில் நுழைந்து 1989 பிப்ரவரி 15இல் வெளியேறிய சோவியத் படையில் இறந்தோர் ஏறத்தாழ 15,000 பேர் எனக் கணக்குண்டு. அப்போரில் மாண்ட ஆப்கானியரையோ 'பல இலட்சம்' என்றே உலகம் சொல்கிறது. 2001இல் புகுந்த அமெரிக்கப் படை 2021 ஆகஸ்ட் 30 இரவு காபூலை விட்டகன்றபோது, இறுதியாக விமானத்தை நோக்கி நடந்த ஒரு தளபதியின் புகைப்படம் உலகெங்கும் பரவிற்று. பச்சை ஒளியில், தனியாக, கையில் துப்பாக்கியுடன் அவர் வருகிறார். பட்லரின் ஓவியத்தை அறிந்த கண்ணுக்கு அது புதிய படமாகத் தோன்றாது. சட்டத்திற்குள் மீண்டும் ஒரே ஒருவர். இருபதாண்டுக் கால மக்கள் அதற்கு வெளியே.

இவ்வோவியத்தைப் புறக்கணியுங்கள் என்று நாம் கூறவில்லை. பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். குதிரைமேல் வருபவர் யார் எனச் சொல்லிக் கொடுத்தபின், அக்குதிரைக்குப் பின்னாலுள்ள வெறும் நிலத்தையும் சுட்டிக் காட்டி, அங்கே யார் யார் இருந்தார்கள் என்று வினவச் செய்யுங்கள். அயல்நாட்டை ஆள எண்ணும் எவரும் முதலில் எண்ணத் தவறுவது அந்த மனிதர்களைத்தான்.