ஆண்டுக்கு ஒருமுறை வேதாகமம்

புத்தாண்டு பிறந்ததும் பல சபைகளில் வேதவாசிப்பு அட்டவணை கைக்கு வந்துவிடும். ஓராண்டில் வேதாகமம் முழுவதையும் வாசித்து முடிக்க வேண்டும். புராட்டஸ்டன்ட் வேதாகமத்தில் 66 புத்தகங்கள், 1,189 அதிகாரங்கள். நாளுக்கு மூன்று, நான்கு என்று போனால் டிசம்பரில் வெளிப்படுத்தின விசேஷம் முடிந்துவிடும். இவ்வகை அட்டவணைகளில் புகழ்பெற்றது, ஸ்காட்லாந்தின் டண்டி நகரப் போதகர் ராபர்ட் மர்ரே மக்ஷெய்ன் 1842-இல் தம் சபையாருக்காக வகுத்தது. தினமும் நான்கு புத்தகங்களில் ஒவ்வோர் அதிகாரம். பழைய ஏற்பாடு ஒருமுறையும், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இருமுறையும் ஆண்டுக்குள் முடியும்.

பிடித்த பகுதிகளையே சுற்றிச்சுற்றி வர விடாததுதான் இந்த முறையின் பெரும் பலம். லேவியராகமத்தைத் தானாகத் திறப்பவர் குறைவு. வரிசையாக வாசிப்பவர்களில் பலர் ஜனவரிக் கடைசியில், பலிகளும் தீட்டுச் சட்டங்களும் வரும்போது, நின்றுபோவதும் அங்கேதான். தாக்குப்பிடித்து 19-ஆம் அதிகாரத்துக்கு வந்தவருக்கோ பெரிய புதையல் காத்திருக்கிறது. அறுப்பின்போது வயல் ஓரத்தை ஏழைக்கும் பரதேசிக்கும் விட்டுவைக்க வேண்டும். கூலியாளின் கூலியை விடியும்வரை கையில் வைத்திருக்கக் கூடாது. பிறனிடத்தில் அன்புகூரச் சொல்லி இயேசு எடுத்துக்காட்டிய கட்டளையும் அதே அதிகாரத்தில்தான் இருக்கிறது. வாக்குத்தத்த அட்டையின் ஒரே வசனத்தோடு ஆண்டை ஓட்டுகிறவருக்கு இது கிட்டாது.

குறை, அதிகாரத்தையே அளவுகோலாக வைப்பதில் இருக்கிறது. அந்தப் பிரிவுகளைப் போட்டவர்கள் தீர்க்கதரிசிகளோ அப்போஸ்தலரோ அல்ல. இன்றைய பிரிப்பு 13-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலேய இறையியலாளர் ஸ்டீபன் லாங்டன் செய்தது என்பார்கள். வசனத்தைத் தேடி எடுக்க அது பெரிய உதவிதான். வாசிப்பை நிறுத்தும் இடமாகவும் அதையே கொள்ளும்போது சிக்கல் வருகிறது.

ஆமோஸைப் பாருங்கள். யூதாவின் தெக்கோவா ஊர் மேய்ப்பரான அவர், வடக்கே இஸ்ரவேலரிடம் பேசுகிறார். தமஸ்கு, காசா, தீரு, ஏதோம், அம்மோன் என்று அக்கம்பக்கத்து நாடுகளின் கொடுமைகளை ஒவ்வொன்றாகச் சொல்லி நியாயத்தீர்ப்பு கூறுகிறார். கேட்கிற இஸ்ரவேலர் ஆமோதித்திருப்பார்கள். முதல் அதிகாரம் அங்கே முடிகிறது. மக்ஷெய்ன் முறையில் அன்றைய பங்கும் அவ்வளவே. அடுத்து வேறொரு புத்தகத்துக்குப் போய்விடுகிறோம். மறுநாள்தான் மோவாப், பிறகு யூதா, கடைசியில் இஸ்ரவேல்: ஏழையை ஒரு ஜோடு பாதரட்சைக்கு விற்றவர்கள் நீங்கள்தான் என்று விரல் கேட்பவர் பக்கமே திரும்புகிறது. பக்கத்து வீட்டுக் குற்றத்துக்குத் தலையாட்டிய சூடு ஆறுமுன் கேட்டால்தான் அது சுடும். ஒரு நாள் இடைவெளியில் அந்தச் சூடு முழுக்கப் போய்விடுகிறது.

மக்ஷெய்னுக்கும் தம் முறையின் ஆபத்துகள் தெரிந்திருந்தன. வாசிப்பு வெறும் சடங்காகலாம், சுயநீதியை வளர்க்கலாம், கவனமில்லாமல் ஓடலாம், சுமக்க முடியாத நுகமாகலாம் என்று அவரே எழுதி வைத்தார். அட்டவணையை நகலெடுத்துக் கொடுக்கிறோம். இந்த எச்சரிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டாமா?

அட்டவணையைக் கைவிடச் சொல்லவில்லை. அதிகாரத்தை எண்ணுவதை விட்டுப் புத்தகத்தை எண்ணலாம் என்கிறேன். பிலிப்பியர் நிருபத்தைக் கால் மணி நேரத்தில் முழுதாக வாசிக்கலாம். அப்படி வாசிக்கையில், ‘எல்லாவற்றையும் செய்ய எனக்குப் பெலனுண்டு’ என்று பரீட்சைக்குப் போகும் பிள்ளைகளுக்கு நாம் சொல்லிக் கொடுக்கும் 4:13, பசியையும் நிறைவையும் பழகிக்கொண்ட ஒரு கைதி, பண உதவிக்கு நன்றி சொல்லும் பகுதியில் இருப்பது தெரியும். அதன்பின் மெதுவாக, வசனம் வசனமாக, ஒத்தவாக்கியங்களோடு தியானிக்கலாம்.

ஏசாயாவை ஒரே அமர்வில் முடிக்க முடியாதுதான். ஆனால் அங்கும் இயல்பான திருப்பங்கள் உண்டு. 36 முதல் 39 வரை எசேக்கியா ராஜாவின் வரலாறு. அசீரியரின் மிரட்டலில் தொடங்கி, எல்லாம் பாபிலோனுக்குக் கொண்டுபோகப்படும் என்ற அறிவிப்பில் முடிகிறது. 40-இல் ஆறுதல் தொடங்குகிறது. அந்த ஐந்து அதிகாரங்களையும் சேர்த்தே வாசியுங்கள். அன்றைக்கு அட்டவணையின் மற்றப் பகுதிகள் விட்டுப்போனாலும் பரவாயில்லை.