'சேவை' என்ற பெயரில் எல்லை தாண்டும் கூலி

எல்லைகளைத் திறந்துவிட்டால் கூலி தானாகச் சமமாகும் என்கிற சொல்லாடலுக்கு ஸ்வீடன்தான் தாய்வீடு. ஹெக்ஷர் (1919), ஓலின் (1933) இருவரும் அந்நாட்டவர். ஆள் போக வேண்டாம், சரக்கு போனாலே நாடுகளின் கூலிகள் ஒன்றையொன்று நெருங்கும் என்பது அவர்கள் வாதத்தின் சாரம். இதில் ஒரு ஆள் காணாமல் போகிறார்: கூலி பேசுகிறவர்.

அவரைத் தேடினால் ஸ்டாக்ஹோமுக்குப் பக்கத்திலுள்ள வாக்ஸ்ஹோமுக்குப் போக வேண்டும். 2004 மே மாதம் லாத்வியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. அதே ஆண்டு லவால் என்ற லாத்வியக் கம்பெனி, வாக்ஸ்ஹோம் பள்ளிக்கூடக் கட்டட வேலைக்குத் தன் ஆட்களை அனுப்பியது. ஸ்வீடனில் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் கிடையாது. சங்கம் பேசி வாங்குவதுதான் கூலி. கட்டடத் தொழிலாளர் சங்கம் மணிக்கு 145 குரோனர் கேட்டது. கம்பெனி மசியவில்லை. நவம்பரில் மறியல் தொடங்கியது.

2007 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது: போராடுவது அடிப்படை உரிமைதான், ஆனால் இந்த மறியல் சேவை வழங்கும் சுதந்திரத்தைத் தடுக்கிறது. 2009இல் ஸ்வீடன் தொழிலாளர் நீதிமன்றம் சங்கங்களையே நட்டஈடு கட்டச் சொன்னது.

'சேவை' என்ற இந்தச் சொல்லைத்தான் நான் சந்தேகிக்கிறேன். அந்த லாத்வியர் தானாக வந்து ஸ்வீடன் முதலாளியிடம் வேலைக்குச் சேர்ந்தால் அவர் தொழிலாளி. உள்ளூர் ஆளுக்குள்ள உரிமையெல்லாம் அவருக்கும் உண்டு. கம்பெனி அனுப்பிவைத்தாலோ, அவர் ஏற்றுமதியாகும் சேவைக்குள் அடக்கம். ஆளும் அதே, செங்கல்லும் அதே. பெயர் மாறியதும் கூலி வித்தியாசம் வியாபாரச் சாதகமாகிவிடுகிறது.

சங்கத்தையும் சும்மா விட முடியாது. கேட்ட 145 குரோனர் லாத்வியருக்கான கூலி; மறியலோ அவர்கள் வேலைத்தளத்துக்கு எதிராக. கம்பெனி ஏற்கெனவே லாத்வியச் சங்கத்தோடு கையெழுத்துப் போட்டிருந்தது. இரு நாட்டுச் சங்கங்களுக்கு நடுவேயிருந்த அந்த இடைவெளியில்தான் லாபம் குடியிருந்தது.

2018இல் திருத்தப்பட்ட ஐரோப்பியச் சட்டம், அனுப்பப்படும் தொழிலாளிக்கும் வேலை செய்யும் நாட்டு ஊதிய விதிகளே பொருந்தும் என்கிறது. எதிர்த்து வழக்குப் போட்ட ஹங்கேரியும் போலந்தும் 2020இல் தோற்றன. என்றாலும் சமூகக் காப்பீடு இன்னமும் பெரும்பாலும் அனுப்பிய நாட்டுக் கணக்கில்தான். அந்த அளவுக்கு ஆள் மலிவு.

எல்லையை மூடு என்பவர்களோடும் எனக்கு உடன்பாடில்லை. மூடினாலும் மலிவுக் கூலி சரக்குக்குள் ஒளிந்து வந்து சேரும். எந்த மண்ணில் வேலையோ அந்த மண்ணின் கூலி, அதைப் பேச இரு நாட்டு ஆட்களுக்கும் ஒரே சங்கம். இதைக் கேட்காத 'ஒருங்கிணைப்பு' யாருக்காம்?